ரொட்டி காப்பவர்

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? சித்திக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. சித்தப்பாவுக்கு வலிப்பதென்றால் வாய்தான் வலிக்க வேண்டும், அது இன்னும் வலிக்கவில்லை.

நீ கல்லூரிக்குக் கிளம்பிய மறு வாரமே என் பள்ளிக்கூடப் பை பரணுக்கு ஏறிவிட்டது. "பேக்கரியில கை பத்தலடி. அக்கா படிச்சு முடிக்கிற வரைக்கும்தான்" என்றாள் சித்தி. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் எப்போது சொல்லியிருக்கிறேன்? வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட என் குரல் கேட்காமல் டீச்சர் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

நீ இரண்டு வருடம் முன்பக்கம் கல்லாவில் கணக்குப் பார்த்தாயே, என்னையும் அங்கேதான் உட்கார வைப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். வருகிறவர்களிடம் பேச வேண்டுமே. நல்ல வேளை, பின்னறையில் போட்டுவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்கிற வேலை. அப்படி ஓர் அறை இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

என்ன வேலை என்று இப்போது எழுதவில்லை. ஆனால் கையில் ஒரு வாடை தங்கிவிடுகிறது. சாப்பிடக் கையை வாய்க்குக் கொண்டுபோனால் குமட்டுகிறது. எந்த சோப்புக்கும் போகவில்லை. உனக்கு ஏதாவது வழி தெரியுமா?

நீ என்ன படிக்கிறாய் என்று எழுது. நான் அதைப் படித்துக்கொள்கிறேன். ரஸ்க் பொட்டலம் ஒன்று இதோடு வருகிறது. சித்தப்பா அனுப்பச் சொன்னார்.

உன் அன்புத் தங்கை


ஜூலை 2

என் வாயில்லாப் பூச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் சித்தியும் சித்தப்பாவும் நன்றாக இருக்க வேண்டும்.

கைக்கு வினிகரும் உப்பும் சேர்த்துத் தேய். தேய்த்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவு. வெந்நீர் மட்டும் விடாதே, வாடை தோலுக்குள் ஏறிவிடும்.

இங்கே பழைய ஆங்கிலம் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அவர்கள் பேசிய மொழி. பார்த்தால் ஆங்கிலம் என்றே சொல்ல மாட்டாய். அதில் ரொட்டிக்கு 'ஹ்லாஃப்' என்று பெயர். சொல்லிப் பார், ஊதுகிற மாதிரி இருக்கும். இப்போது பிரபு என்கிற பொருளில் 'லார்டு' என்கிறார்களே, அது அந்தக் காலத்தில் 'ஹ்லாஃப்வேர்ட்'. ரொட்டியைக் காப்பவர் என்று அர்த்தம். 'லேடி' என்பது ரொட்டி மாவு பிசைபவள். இதைக் கேட்டதும் எனக்கு நம் பேக்கரிதான் ஞாபகம் வந்தது. இன்னொரு சொல்லும் இருக்கிறது. அந்த வீட்டில் வேலை செய்து பிழைப்பவனுக்கு ரொட்டி தின்பவன் என்று பெயர். அது மட்டும் வழக்கொழிந்துவிட்டது. பிரபுவும் சீமாட்டியும் பிழைத்துக்கொண்டார்கள்.

சித்தப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார். ரஸ்க்கை அறைத் தோழிகள் ஒரே நாளில் காலி செய்துவிட்டார்கள். எனக்கு இப்போதெல்லாம் இனிப்பில் ஆசை இல்லை.

முத்தங்களுடன், அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி? இங்கே விடாமல் மழை. சித்திக்கு முழங்கால் திரும்பவும் பிடித்துக்கொண்டது. வினிகர் நன்றாக வேலை செய்கிறது.

உன் கடிதத்தைச் சித்தி சாப்பாட்டு மேசையில் வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"அப்ப லார்டுன்னா ரொட்டிக்காரனா?" என்றார் சித்தப்பா.

"ரொட்டியைக் காப்பாத்துறவராம்."

"அதத்தானே நான் இத்தனை வருஷமா பண்றேன். ஒருத்தனாவது லார்டுன்னு கூப்பிட்டானா?"

"நான் லேடியாம். மாவு பிசையறவளாம்."

"நீ என்னைக்குடி மாவு பிசைஞ்ச? அந்த மெஷின்தான் லேடி."

சித்தி அதைக் காதில் வாங்காமல், "அப்ப இவ?" என்று என்னைக் காட்டினாள். பிறகு கடிதத்தில் தேடி, "ரொட்டி தின்றவ" என்றாள். இரண்டு பேரும் சிரித்ததில் சித்தப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டு வேனில் எழுத வைத்துவிட்டார். 'ரொட்டி காப்பவர்' என்று தங்க நிறத்தில், பக்கத்தில் ஒரு கிரீடம். கிரீடம் பன் மாதிரி இருக்கிறது.

அக்கா, பின்னறை வேலையை எழுதுவதா வேண்டாமா என்று இத்தனை நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

கடைகளில் விற்காத ரொட்டியெல்லாம் சாக்குகளில் திரும்பி வருகிறது. ரிட்டர்ன் என்கிறார்கள். அதை யாரோ மாட்டுக்கு வாங்கிப் போவதாகத்தானே நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்? அது பின்னறைக்கு வருகிறது. சாக்கைத் திறந்தால் முதலில் சூடு அடிக்கிறது, அதற்குப் பிறகுதான் வாடை. மழைக்காலம் என்பதால் ரொட்டி முழுக்கப் பச்சைப் பச்சையாகப் பூசணம். தொட்டால் தூசியாகக் கிளம்பி மூக்குக்குள் போகிறது. சில ரொட்டிகள் வெளியே நன்றாகத்தான் இருக்கும். பிட்டால் உள்ளே பிசின் மாதிரி நூல் விடும், அழுகின பழத்தின் வாடை வரும். சாக்கின் அடியில் புழு. நான் ஸ்டூலில் உட்கார்ந்து கத்தியால் பச்சையைச் சுரண்ட வேண்டும். சுரண்டினதை அடுப்புச் சூட்டில் காயவைத்து, பொடியாக்கி, ரஸ்க் மாவில் கலக்கிறார்கள். வாடை தெரியாமல் இருக்க சர்க்கரையும் எசன்சும் கூடுதலாகப் போடுகிறார்கள். நம் ரஸ்க் வாசனையாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வது அந்த எசன்ஸைத்தான்.

இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டேன். "பழகிடும்" என்றார் சித்தப்பா.

நீ அந்த ரஸ்க்கைத் தொடாதே. தோழிகளுக்கும் கொடுக்காதே. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் இல்லையா? யாரிடம் சொல்வது? நீதான் சொல்ல வேண்டும்.

உன் தங்கை


ஆகஸ்ட் 3

படிக்கிற பிள்ளைக்குச் சித்தப்பாவின் ஆசி பல.

நான் கடிதம் எழுதி எத்தனையோ காலம் ஆகிறது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உடம்பு நன்றாக இருக்கிறதா? நன்றாகச் சாப்பிடு, மூளைக்கு வேலை கொடுக்கிறவர்கள் வயிற்றைக் காயப்போடக் கூடாது.

லார்டு விஷயம் பிரமாதம். வேனைப் பார்த்துவிட்டு நாலு பேர் நின்று கேட்கிறார்கள். நான் விளக்கம் சொல்கிறேன். மரியாதையே மாறிவிட்டது. இப்போது ரஸ்க்குக்கும் ரொட்டிக்கும் புது உறை அச்சடிக்கப் போகிறேன். அதன் பின்பக்கம் போடுகிற மாதிரி இன்னும் இரண்டு மூன்று பழைய சொல் அனுப்பி வை. லத்தீன், கிரேக்கம் என்றால் இன்னும் நல்லது, யாருக்கும் புரியாது, மதிப்பாக இருக்கும். அடுத்த பருவத்துக்கு உனக்குக் கட்ட வேண்டியதை இந்த வாரமே கட்டிவிடுகிறேன்.

உன் தங்கை ஒழுங்காக வேலை செய்கிறாள். நீ சொன்னது சரிதான். அவளிடமிருந்து ஒரு சத்தம் வருவதில்லை.

சித்தி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு, ரொட்டி காப்பவர் (ஹ ஹ)


ஆகஸ்ட் 24

என் பூச்சிக்கு,

தேர்வு இருந்ததால் உடனே எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சளியும் இருமலும் வந்து சரியாகிவிட்டது. சித்தியின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

குமட்டுகிறது என்று எழுதியிருந்தாய். ஆங்கிலத்தில் அதற்கு 'நாசியா' என்று ஒரு சொல். கிரேக்க மொழியில் 'நௌஸ்' என்றால் கப்பல். கப்பலில் போகிறவர்களுக்கு வருகிற வாந்தியைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்களாம். ஒரு கப்பல் எப்படி ஒருவருடைய வயிற்றுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது பார். வகுப்பில் இதைக் கேட்டபோது எல்லோரும் கை தட்டினோம்.

சித்தப்பா கேட்டார் என்று புது உறையில் அச்சடிக்கவும் சில சொற்கள் அனுப்பினேன். அதில் எனக்குப் பிடித்தது 'கம்பானியன்'. லத்தீனில் 'கும்' என்றால் கூட, 'பானிஸ்' என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறவர்தான் தோழர். எவ்வளவு அழகு.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை செய்யும்போது மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள், காய்ந்த துணி போதாது.

முத்தங்களுடன், அக்கா


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சளி முழுக்கப் போய்விட்டதா? சித்தி நன்றாக இருக்கிறாள். நான் இருக்கிறேன்.

உறை வந்துவிட்டது. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பளபளவென்று இருக்கிறது. பின்பக்கம் நீ அனுப்பிய சொற்கள் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. சுரண்டி எடுத்ததைக் கலந்த ரஸ்க்கை அதற்குள் போட்டு ஒட்டுவதும் இப்போது என் வேலை. 'கூட ரொட்டி சாப்பிடுகிறவர் தோழர்' என்கிற வரியின் மேல் என் கட்டைவிரல் பச்சை படிந்துவிடுகிறது. துடைத்துவிட்டு அடுக்குகிறேன்.

சித்தப்பா அந்த உறையை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே சமையல்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா படித்தவராம். உறையைத் திருப்பித் திருப்பிப் படித்தாராம்.

"ஒரு பேக்கரியில இவ்வளவு யோசிச்சு அச்சடிக்கிறாங்கன்னா, உள்ளே இருக்கறதும் சுத்தமாத்தான் இருக்கும்னாங்க" என்று சித்தப்பா வீட்டுக்கு வந்து சொன்னார். "எல்லாம் பெரியவ படிப்போட மகிமை. பணம் போட்டது வீண் போகல."

"அப்ப ஆர்டர் கிடைச்சிருச்சா?" என்றாள் சித்தி.

"காலையில ரொட்டி, சாயந்திரம் ரஸ்க். எல்லா வார்டுக்கும்."

"பிள்ளைங்க வார்டுக்குமா?"

"பிள்ளைங்கதான் ரஸ்க் அதிகமா திங்கும்."

சித்தி அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் ஜூலையில் எழுதியதற்கு நீ பதில் எழுதவே இல்லை. நான் ரொட்டியைப் பற்றிக் கேட்டேன், நீ கப்பலைப் பற்றி எழுதினாய். நான் வெளியே சொன்னால் சித்தப்பா உன் படிப்பை நிறுத்திவிடுவார், அது எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். சொல்லட்டுமா, வேண்டாமா? ஒரு வரி போதும்.

உன் தங்கை


செப்டம்பர் 27

என் பூச்சிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஆசிரியர் என் கட்டுரையை வகுப்பில் படித்துக் காட்டினார்.

ஆஸ்பத்திரி ஆர்டர் கிடைத்ததில் சந்தோஷம். 'ஹாஸ்பிடல்' என்கிற சொல்லும் லத்தீன்தான். 'ஹாஸ்பெஸ்' என்றால் விருந்தாளி. விருந்து கொடுக்கிறவருக்கும் அதே சொல்தான். வந்தவரும் வரவேற்பவரும் ஒரே பெயரில் இருந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பக்கத்துச் சொல் ஒன்றுக்குப் பகைவன் என்று அர்த்தம். இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதலாம்.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு நம்மைச் சேர்த்துக்கொண்டவர் சித்தப்பா. இன்னும் இரண்டு வருடம்தான், எனக்கு வேலை கிடைத்ததும் உன்னை அழைத்துக்கொள்வேன். அதுவரை பொறுத்துக்கொள். பூசணம் என்றால் எல்லாமே விஷம் இல்லை. பச்சை மேலோடு நிற்கும், சுரண்டினால் போய்விடும். கறுப்புதான் உள்ளே இறங்கும். கறுப்பு விழுந்ததை மட்டும் தனியாக ஒதுக்கி, ஜன்னல் பக்கத்துப் பீப்பாயில் போட்டுவிடு. அவ்வளவு செய்தால் போதும்.

முத்தங்களுடன், அக்கா


அக்டோபர் 5

அக்காவுக்கு,

சௌக்கியம்.

நான் பச்சையைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். கறுப்பைப் பற்றி எழுதவில்லை. ஜன்னல் பக்கத்தில் பீப்பாய் இருப்பதையும் எழுதவில்லை. நான் எழுதியதை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கையில் என்ன வாடை என்று சொல்வதற்கு முன்னாலேயே வெந்நீர் விடாதே என்று நீ எழுதியிருக்கிறாய்.

அடுப்பில் நிற்கிற அனலண்ணனிடம் போனேன். எப்போதும் முகம் சிவந்தே இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"அண்ணே, எனக்கு முன்னால பின்னறையில யாரு இருந்தா?"

நான் வாயைத் திறந்ததே அவருக்கு ஆச்சரியம். தட்டைக் கீழே வைத்துவிட்டார். "தெரியாத மாதிரி கேக்குறியே. உங்கக்காதான்."

"அக்கா கல்லாவுலதானே இருந்தா?"

"கல்லாவுலயா? உங்க சித்தப்பா கனவுலகூட கல்லாவை அடுத்தவங்ககிட்ட விட மாட்டாரு. ரெண்டு வருஷமும் அந்த ஸ்டூல்தான். வினிகர் போட்டுத் தேச்சுத் தேச்சுக் கைத்தோலே உரிஞ்சு போச்சு பாவம்."

"அப்புறம் எப்படிக் காலேஜுக்குப் போனா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஒரு நாள் கத்தியைத் தூக்கிப் போட்டுட்டு நேரா உங்க சித்தப்பாகிட்ட வந்தா. படிக்க அனுப்புங்க, இல்லன்னா ஊருக்கே சொல்லிருவேன்னா. தைரியம்தான். நீ போனா பின்னறைக்கு யாருன்னு இவரு கேட்டாரு. தங்கச்சி இருக்கான்னா. அவ வெளிய சொல்லிட்டான்னா என்ன பண்றதுன்னாரு. அவ சொல்ல மாட்டா, அவளுக்கு வாயே கிடையாதுன்னா." பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, "நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்றார்.

அன்று நான் வாந்தி எடுக்கவில்லை. வாந்தி எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலையிலிருந்து வந்ததும் குளிக்காமல் அறைக்குள் வர மாட்டாய். சுத்தக்காரி என்று உன்னைப் பார்த்து நானும் அப்படி இருக்க ஆசைப்பட்டேன். இப்போது அந்த ஈரத் தலையை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. நீ தப்பித்ததற்கு நான் கோபப்பட மாட்டேன். அந்த ஸ்டூலில் ஒரு நாள் உட்கார்ந்தவர்கள் யாரும் கோபப்பட மாட்டார்கள். என்னைக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதுதான்.

இன்னொன்று. நான் அனுப்பிய ரஸ்க்கை நீ தொடவில்லை. தோழிகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கூட உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறவர்தான் தோழர் என்று எனக்கு எழுதினாயே, அதை எழுதும்போது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா?

நீ இல்லை என்று எழுதினால் நான் நம்பிவிடுவேன். எழுது.

தங்கை


அக்டோபர் 28

அக்காவுக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

வேன் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. தேவை கூடிவிட்டதால் மற்ற பேக்கரிகளின் ரிட்டர்னையும் சித்தப்பா வாங்க ஆரம்பித்திருக்கிறார். ஊரில் கெட்டுப்போன ரொட்டி எல்லாம் இப்போது என் காலடியில்தான். பச்சை, கறுப்பு, ஒரு மாதிரி ரோஸ் நிறம்கூட இருக்கிறது. கறுப்பை ஒதுக்கிப் பீப்பாயில் போட்டேன். "இதையெல்லாம் தூக்கிப் போட்டா ஆஸ்பத்திரிக்கு எதைக் கொடுக்கறது?" என்று சித்தப்பாவே கையை விட்டு வெளியே எடுத்தார். எடுத்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்தக் கையாலேயே என் தலையைத் தடவி, "சமத்து" என்றார்.

தலைக்கு நாலு முறை ஊற்றிக்கொண்டேன்.

இதற்காவது பதில் எழுது.

தங்கை


நவம்பர் 8

பூச்சிக்கு,

எல்லோரும் சுகம்தானே.

இந்த வாரம் எனக்குக் கல்லூரியில் பேச்சுப் போட்டி, நேரமே இல்லை. சில விஷயங்கள் கடிதத்தில் எழுதுவதற்கு இல்லை. விடுமுறையில் வரும்போது நேரில் பேசலாம். அடுப்பில் நிற்கிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள்.

அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. யாரிடமும் எதுவும் சொல்லாதே. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். நமக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான். இதையும் முன்னால் எழுதியவற்றையும் கிழித்துப் போட்டுவிடு.

அக்கா


நவம்பர் 30

அக்காவுக்கு,

இந்த முறை நீ ஒரு பழைய சொல்கூட அனுப்பவில்லை. அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நடந்ததை எழுதுகிறேன். சித்தப்பாவும் எழுதுவார், அதற்கு முன்னால் இது வந்து சேரட்டும்.

போன வாரம் காலித் தட்டுகளை வாங்கி வர ஆள் இல்லை என்று சித்தப்பாவே என்னை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஏறுவதற்கு முன்னால் சாக்கிலிருந்து நூல் விடுகிற ரொட்டி ஒன்றும், சுரண்டாத கறுப்பு ரொட்டி ஒன்றும், ரஸ்க் மாவில் கலக்க வைத்திருந்த பொடியில் கொஞ்சமும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். வேனில் பையை மடியிலேயே வைத்திருந்தேன். அங்கே போய் என்ன பேசுவது என்று ஒரு வாக்கியம் தயார் செய்து சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் அந்த வாக்கியம் போய்விட்டது.

சமையல்கூடத்து அம்மா மேசையில் உட்கார்ந்து தேநீரில் ரஸ்க்கைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம் ரஸ்க். உறை பக்கத்தில் கிடந்தது.

"என்னம்மா, தட்டு அந்தப் பக்கம் இருக்கு" என்றார்.

நான் நகரவில்லை.

"என்ன வேணும்? பேச வராதா?"

வரவில்லை. பையைத் திறந்து மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தேன். ரொட்டியைப் பிட்டுக் காட்டினேன். நூல் நீளமாக இழுத்துக்கொண்டு வந்தது. வாடை எழும்பியதும் அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"என்னது இது? எதுக்கு இதைக் கொண்டுவந்து இங்க வைக்கற?"

"இதத்தான் பொடி பண்ணி அதுல கலக்குறோம்" என்றேன். அவர் கையிலிருந்ததைக் காட்டினேன்.

அவர் கையிலிருந்த பாதி ரஸ்க்கைப் பார்த்தார். பிறகு எழுந்து கழுவுகிற தொட்டிக்குப் போனார். நான் அங்கேயே நின்றேன். அவர் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. என்னைத் தவிர இன்னொருவருக்கும் குமட்டியதில் எனக்கு ஆறுதலாக இருந்தது. தப்பாக இருக்கலாம், ஆனால் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பிள்ளைங்க வார்டுல எல்லாத்துக்கும் வயித்தால போகுதுன்னு தண்ணியை மாத்தினோம். பாலை மாத்தினோம். பாத்திரம் கழுவுற பொண்ணை வேலையை விட்டே அனுப்பிட்டேன்." உறையை எடுத்துத் திருப்பினார். "இவ்வளவு அழகா எழுதியிருந்துதே, அதுதான் இதைப் பத்தி யோசிக்கவே தோணல." பிறகு கேட்டார், "இதை யாரு சுரண்டுறது?"

"நான்தான்."

அவர் என் கைகளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என்னோடு கை குலுக்கவும் இல்லை, தோளில் தட்டவும் இல்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். பின்னறைக்கு சீல் வைத்துவிட்டார்கள், பேக்கரிக்கும். வேன் வாசலில் நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

"சோறு போட்ட கையைக் கடிச்சிட்டியே" என்றார் சித்தப்பா. அந்தக் கை என் தலையைத் தடவின கை என்று எனக்கு ஞாபகம் வந்தது. சித்தி அழுதாள். அழுதுகொண்டே, "நான் ஒரு நாளும் அந்த ரஸ்க்கைத் தொட்டதில்ல, கேட்டுப் பாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. யாருமே சாப்பிட்டதில்லை. மேசைமேல் எப்போதும் ஒரு டப்பா நிறைய ரஸ்க் இருக்கும், வருகிறவர்களுக்கு மட்டும் எடுத்து வைப்போம். விபரம் தெரியாமல் தின்றுகொண்டிருந்தது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். நீ எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

அடுத்த பருவத்துக்கு உனக்குப் பணம் வராது. அதை நினைக்காமல் நான் அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றேன் என்று சொன்னால் பொய். வேனில் போகும்போது முழுக்க உன்னைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். வார்டில் எந்தப் பிள்ளையையும் எனக்குத் தெரியாது, உன்னைத்தான் தெரியும். அப்படியும் பையைத் திறந்தேன். ஒரு சொல் எங்கே பிறந்தது என்று ஆயிரம் வருடம் பின்னால் போய்ப் பார்க்கிற உனக்கு, ஒரு ரஸ்க் எங்கே பிறந்தது என்று நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உறைக்கு அந்தச் சொற்களை எழுதிக் கொடுத்தாய். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

நீ திரும்பி வர வேண்டியிருக்கும். வேறு இடம் நமக்கு இல்லை என்று நீயே எழுதியிருந்தாய். உன் துணி அலமாரியைத் துடைத்து வைத்திருக்கிறேன். என் படுக்கைக்குப் பக்கத்தில் உன் படுக்கையையும் தட்டிப் போட்டிருக்கிறேன். வா. உன் பக்கம் திரும்பிப் படுப்பதற்கு மட்டும் எனக்குக் கொஞ்ச காலம் ஆகும்.

தங்கை